பதிவதற்கு முன் ஒருமுறை பாருங்கள்!

உங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டைச் சற்றுத் துழாவிப் பாருங்கள். பழைய கல்யாண அழைப்பிதழ்களுக்கும் பள்ளிச் சான்றிதழ்களுக்கும் அடியில் கறுப்பு நிற வீடியோ கேசட் ஒன்றாவது அகப்படும். அக்காவின் நிக்காஹ், தம்பியின் சுன்னத் விருந்து, ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட பெரியவரை ஊரே திரண்டு வழியனுப்பிய காட்சி என்று ஏதேனும் ஒன்று அதனுள் உறங்கிக் கொண்டிருக்கும். அதில் சிரித்தும் பேசியும் நடமாடுகிறவர்களில் சிலர் இன்று நம்மிடையே இல்லை.

கேசட்டை ஓட்டும் வி.சி.ஆர். கருவியைக் கடைசிவரை தயாரித்து வந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம், 2016ஆம் ஆண்டு ஜூலை மாதத்தோடு அந்தத் தயாரிப்பை நிறுத்திவிட்டது. ஆகவே, கேசட்டில் உள்ளதைக் கணினியில் ஏற்றி, டி.வி.டி. தகடாக்கி, உறவினர் வீடுகளுக்குக் கொடுக்கப் பலரும் முனைகிறார்கள்.

'கைப்பேசி யுகத்தில் டி.வி.டி. எதற்கு?' என்று நீங்கள் கேட்கலாம். கைப்பேசித் திரையைத் தொட்டுத் தள்ளிப் பழகாத முதியவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். தொலைக்காட்சியின் முன் அமர்ந்து ரிமோட்டை அழுத்துவது அவர்களுக்குக் கைவந்த பழக்கம். அவர்களுக்காகச் செய்யும் தகட்டில் ஒரு சிறு கவனக்குறைவு என்ன செய்யும் என்பதை நான் அனுபவித்து அறிந்தேன்.

என் அக்காவின் நிக்காஹ் 1994ஆம் ஆண்டு நடைபெற்றது. அந்தக் கேசட்டில் மறைந்த எங்கள் வாப்பா விருந்தினர்களை வரவேற்றுப் பேசும் நான்கு நிமிடக் காட்சி இருக்கிறது. அவர் குரல் பதிவாகியிருப்பது அந்த ஓர் இடத்தில்தான். அதை டி.வி.டி.யாக்கி, தொடக்கத்தில் அழகான மெனுப் பக்கம் ஒன்றையும் அமைத்தேன். நிக்காஹ், வாப்பாவின் பேச்சு, வலீமா விருந்து, முழுவதும் என்று நான்கு பொத்தான்கள். கணினியில் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காக ஓடின. பத்துத் தகடுகளைப் பதிந்து, பெருநாளன்று உடன்பிறந்தோர் வீடுகளுக்கெல்லாம் கொடுத்தேன்.

உம்மாவின் வீட்டில் தகட்டைப் போட்டோம். மெனு வந்தது. ஆனால், நான்கில் எது தேர்வாகியிருக்கிறது என்பதே திரையில் தெரியவில்லை. உம்மா ரிமோட்டின் கீழ் அம்பை ஒருமுறை அழுத்தி, ஓகே கொடுத்தார்கள். வலீமா விருந்து ஓடியது. மீண்டும் முயன்றார்கள், மீண்டும் விருந்தே வந்தது. "வாப்பா பேசுறதை மட்டும் காணோமே, தம்பி" என்று சொல்லிவிட்டு ரிமோட்டை ஓரமாக வைத்துவிட்டார்கள். பத்துத் தகடுகளிலும் அதே குறைதான். ஒருமுறை மட்டுமே பதியக்கூடிய தகட்டில் லேசர் கதிரின் வெப்பம் உட்புறச் சாயப் படலத்தை நிரந்தரமாக மாற்றிவிடுகிறது. அதனை அழித்துத் திருத்த வழியே இல்லை.

பிழை எங்கே ஒளிந்திருந்தது?

கணினியில் நாம் மவுஸின் சுட்டியை நேராகப் பொத்தானின் மேல் கொண்டுபோய் அழுத்திவிடுகிறோம். வீட்டு டி.வி.டி. பிளேயரிலோ சுட்டி கிடையாது. மேல், கீழ், இடம், வலம் எனும் நான்கு அம்புகளும் ஓகே விசையுமே உண்டு. 'இந்தப் பொத்தானில் இருக்கும்போது கீழ் அம்பை அழுத்தினால் எந்தப் பொத்தானுக்குச் செல்ல வேண்டும்?' என்ற வழி ஒவ்வொரு பொத்தானுக்கும் தனித்தனியாகக் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். பெரும்பாலான மென்பொருள்கள் அந்த வழியைத் தாமாகவே குறித்துவிடும். நான் இரண்டு பொத்தான்களின் எல்லைகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வைத்திருந்தேன். அதனால் வழி குழம்பி, வாப்பாவின் பொத்தான் விடுபட்டுப் போயிற்று. எல்லைகள் ஒன்றையொன்று தொடாதபடி விலக்கி வைத்து, அம்புகளின் வழியை நாமே சரிபார்ப்பதுதான் இதற்கு மருந்து.

தேர்வு தெரியாமல் போனதற்குக் காரணம் வேறு. மெனுவின் படம் ஓர் அடுக்கு. தேர்வான பொத்தானைக் காட்டும் நிறம் அதன்மேல் கண்ணாடித் தாள்போல் விரிக்கப்படும் மற்றோர் அடுக்கு. அந்த மேலடுக்கில் நான்கு நிறங்களுக்கு மேல் இடமில்லை. மெல்லிய கோடுகளும் மங்கலான நிழல்களும் அதில் எடுபடுவதில்லை. இளமஞ்சள் பின்னணியில் வெளிர்நிறக் கோட்டை நான் வைத்திருந்தேன். அது கண்ணுக்குப் புலப்படவில்லை. தடித்த அடிக்கோடோ முழு வட்டமோ வைத்து, பின்னணிக்கு எதிரான அழுத்தமான நிறத்தைத் தெரிவு செய்யுங்கள்.

இன்னும் சில குறைகள்

எழுத்துகள் ஓரத்தில் வெட்டுப்படுகின்றனவா? பழைய படக்குழாய்த் தொலைக்காட்சிகள் படத்தின் ஓரங்களைச் சற்று மறைத்துவிடும். எழுத்துகளையும் பொத்தான்களையும் திரையின் நடுப்பகுதியில், எண்பது விழுக்காட்டுக்குள் அடக்கிவிடுங்கள்.

காட்சி முடிந்ததும் திரை இருண்டு நின்றுவிடுகிறதா? காட்சியின் முடிவில் எங்கே செல்ல வேண்டும் என்று நீங்கள் குறிக்கவில்லை என்பது பொருள். ஒவ்வொரு காட்சிக்கும் 'மெனுவுக்குத் திரும்பு' என்ற கட்டளையை இடுங்கள்.

ஒலி வரவில்லையா? டி.வி.டி. படத்தின் ஒலி, நொடிக்கு 48,000 மாதிரிகள் என்ற அளவில் இருப்பதே பொது வழக்கு. இசைத் தகட்டின் ஒலியோ 44,100 மாதிரிகள் கொண்டது. அதனை அப்படியே சேர்க்காமல் மாற்றிச் சேருங்கள்.

படம் திக்கித் திக்கி ஓடுகிறதா? படத்தின் தரவு வேகம் நொடிக்கு 9.8 மெகாபிட்டுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. வீட்டில் பதிந்த தகடுகள் அந்த எல்லையை நெருங்கினாலே பல பிளேயர்கள் தடுமாறும். 8 மெகாபிட்டுக்குள் வைப்பது நலம். இரண்டு மணி நேரப் படத்தை 4.7 ஜிகாபைட் தகட்டில் அடக்க, ஒலியும் சேர்ந்து 5 மெகாபிட் அளவில் வைக்க வேண்டியிருக்கும்.

அமெரிக்காவில் வசிக்கும் மகளுக்கு அனுப்புகிறீர்களா? நம் நாட்டில் வழங்குவது 'பால்' முறை. அங்கே வழங்குவது 'என்.டி.எஸ்.சி.' முறை. அங்குள்ள பல பிளேயர்கள் நம் முறையிலான தகட்டை ஓட்டுவதில்லை. அவர்களுக்கென்று தனியே ஒன்று தயாரியுங்கள்.

நான்கு படிச் சோதனை

முதற்படி: மென்பொருளிலேயே முன்னோட்டம் பாருங்கள். மவுஸைத் தொடாமல் அம்புகளை மட்டும் பயன்படுத்துங்கள். பொத்தான்களின் பெயரை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றிலிருந்தும் நான்கு திசையிலும் அழுத்திப் பார்த்துக் குறித்துக் கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: உடனே தகட்டில் பதியாமல், கணினியின் வன்தட்டில் கோப்புறையாக உருவாக்குங்கள். 'வீடியோ டி.எஸ்.' என்ற பெயரில் அது அமையும். அதனுள் ஐ.எஃப்.ஓ. என முடியும் கோப்புகளில் வழிகாட்டும் குறிப்புகளும், வி.ஓ.பி. என முடிபவற்றில் படமும் ஒலியும் இருக்கும். வி.எல்.சி. போன்ற இலவச மென்பொருளில் கோப்புறை முழுவதையும் திறந்து பாருங்கள். வி.ஓ.பி. கோப்பை மட்டும் தனியே திறந்தால் படம் ஓடும். மெனுவின் குறை தெரியாது.

மூன்றாம் படி: அழித்து எழுதத்தக்க 'ஆர்.டபிள்யூ.' தகடு ஒன்றை வாங்கி வையுங்கள். ஏறத்தாழ ஆயிரம் முறை அழித்து எழுதலாம். அதில் பதிந்து, கிடைக்கும் பிளேயர்களிலேயே பழையதில் ஓட்டிப் பாருங்கள். இவ்வகைத் தகடு ஒளியைக் குறைவாகவே பிரதிபலிக்கும். ஆதலால் சில பழைய பிளேயர்கள் இதனைப் படிக்க மறுக்கக்கூடும். அப்படியானால் உங்கள் மெனுவைக் குறை சொல்லாமல், சாதாரணத் தகடு ஒன்றைச் சோதனைக்கென ஒதுக்கிவிடுங்கள்.

நான்காம் படியே முதன்மையானது. யாருக்காகச் செய்கிறீர்களோ அவர் கையில் ரிமோட்டைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் அமருங்கள். 'இதை அழுத்துங்கள், அதை அழுத்துங்கள்' என்று சொல்லாதீர்கள். அவர் எங்கே தயங்குகிறாரோ அங்கேதான் உங்கள் மெனு திருந்த வேண்டும்.

இந்த நான்கையும் கடந்த பின்னரே இறுதித் தகடுகளைப் பதியுங்கள். அதிவேகத்தைத் தவிர்த்து, நடுத்தர வேகத்தில் பதிவது நல்லது. பதிந்ததும் மென்பொருளின் 'சரிபார்' வசதியைக் கொண்டு ஒப்பிட்டுக் கொள்ளுங்கள். தகட்டின்மேல் காகிதத்தை ஒட்டாதீர்கள். சுழலும்போது சமநிலை கெடும். வெயில் படாத இடத்தில் வையுங்கள். வெளிச்சமும் வெப்பமும் சாயப் படலத்தைக் கெடுக்கும்.

கேசட்டை எறிந்துவிடாதீர்கள். அதன் முதுகுப் புறத்திலுள்ள சிறு பிளாஸ்டிக் நாக்கை உடைத்துவிட்டால் எவரும் தவறுதலாக அதன்மேல் பதிய இயலாது. கணினியில் ஏற்றிய மூலக் கோப்பையும் வேறு வேறு வீடுகளில் இரண்டு வன்தட்டுகளில் வைத்துக் கொள்ளுங்கள்.

இரண்டாம் முறை நான் பதினோராவது தகட்டை மட்டும் செய்தேன். மெனுவில் அலங்காரம் எதுவுமில்லை. பெரிய எழுத்தில் நான்கு வரிகள், பக்கத்தில் ஒரு சிவப்பு வட்டம். உம்மா கீழ் அம்பை ஒருமுறை அழுத்தினார்கள். வட்டம் இரண்டாம் வரிக்கு இறங்கியது. ஓகேயை அழுத்தினார்கள். வாப்பா தொப்பியைச் சரிசெய்துகொண்டு, வந்தவர்களுக்கு ஸலாம் சொல்லிப் பேசத் தொடங்கினார்கள். உம்மா பதில் ஸலாம் சொன்னார்கள். நான்கு நிமிடம் முடிந்ததும் திரை மெனுவுக்குத் திரும்பியது. அவர்கள் மறுபடியும் அதே பொத்தானை அழுத்தினார்கள்.