பள்ளியிலிருந்து என்.எஃப்.எல். வரை: இடையில் நிற்கும் மூன்று பருவங்கள்

அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும் ஒரு மாணவன், எவ்வளவு சிறந்த கால்பந்து வீரனாக இருந்தாலும், அந்நாட்டின் தொழில்முறை அமைப்பான தேசியக் கால்பந்து லீக்கில், அதாவது என்.எஃப்.எல்.லில், நேரே சேர முடியாது. பள்ளிப் படிப்பு முடிந்தபின் மூன்று முழுப் பருவங்கள் கடந்திருக்க வேண்டும். இந்தத் தடையை எந்த அரசும் சட்டமாக இயற்றவில்லை. அணி உரிமையாளர்களும் வீரர் சங்கமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் அது இடம்பெற்றிருக்கிறது. தடையால் பாதிக்கப்படும் மாணவன் அந்த ஒப்பந்தத்தில் ஒரு தரப்பே அல்ல. இந்த விதி பற்றிய சர்ச்சையின் வேர் அங்குதான் இருக்கிறது.

இங்கு பேசப்படும் கால்பந்து பெலேயும் மெஸ்ஸியும் ஆடிய ஆட்டம் அன்று. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும், எதிரணியினரை மோதி வீழ்த்தியும் ஆடப்படும் அமெரிக்கக் கால்பந்து இது.

விதி சொல்வதும் சொல்லாததும்

விதியில் வயது வரம்பு கிடையாது. மாணவன் பள்ளியை முடித்த நாள், அல்லது அவனோடு உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த வகுப்பு படிப்பை முடித்த நாள், இவற்றுள் எது முந்தியதோ அதிலிருந்து என்.எஃப்.எல்.லின் மூன்று பருவங்கள் தொடங்கி முடிந்திருக்க வேண்டும். அவ்வளவே. நைஜீரியாவில் பிறந்து 12 வயதில் அமெரிக்கா வந்த அமோபி ஒகோயே, வயதுக்கு மீறிய வகுப்பில் சேர்ந்து 16 வயதிலேயே கல்லூரிக்குள் நுழைந்தவர். 2007-இல் ஹூஸ்டன் அணி அவரைத் தேர்ந்தெடுத்தபோது அவருக்கு 19 வயதுதான். விதி அவரைத் தடுக்கவில்லை.

கல்லூரியில் படித்திருக்க வேண்டும் என்றும் விதி சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவில் ரக்பி ஆடிக்கொண்டிருந்த ஜோர்டன் மைலாட்டா, அமெரிக்கக் கல்லூரி எதிலும் ஆடாமலேயே 2018-இல் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியால் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் இவர் அபூர்வமான விதிவிலக்கு. பள்ளி முடித்த பையன் அந்த மூன்று ஆண்டுகளும் தரமான பயிற்சியோடு ஆட வேண்டுமென்றால், கல்லூரி அணியை விட்டால் அவனுக்குப் பெரும்பாலும் வேறு போக்கிடமில்லை. எழுத்தில் இல்லாத நிபந்தனையை நடைமுறை விதித்துவிடுகிறது.

1925-இல் ஒரு நன்றி தெரிவிப்பு நாள்

விதியின் தொடக்கம் பழையது. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் நட்சத்திரமான ரெட் கிரேஞ்ச், 1925 நவம்பர் 21 அன்று தம் கடைசிக் கல்லூரி ஆட்டத்தை ஆடினார். ஐந்தே நாளில், நன்றி தெரிவிப்பு நாளன்று, சிகாகோ பேர்ஸ் அணிக்காகக் களமிறங்கினார். அப்போது என்.எஃப்.எல். தொடங்கி ஐந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. கல்லூரி ஆட்டத்தின் புகழுக்கு முன்னால் அது ஒரு சிறு அமைப்பு. படிப்பை முடிக்காத மாணவனைப் பணம் காட்டி இழுத்துவிட்டார்கள் என்று கல்லூரிகள் கொதித்தன. அவற்றைப் பகைத்துக்கொள்ள முடியாத லீக், ஒரு மாணவனோடு சேர்ந்த வகுப்பு பட்டம் பெறும் வரை அவனை எந்த அணியும் சேர்க்கக் கூடாது என்று விதித்தது. 1990-இல்தான் அந்தக் காத்திருப்பு மூன்று ஆண்டுகளாகக் குறைந்தது.

ஆக, விதி பிறந்தபோது இளைஞர்களின் உடல்நலம் பேச்சிலேயே இல்லை. இரண்டு அமைப்புகளுக்கிடையே எல்லை பிரித்துக்கொள்வதுதான் நோக்கம்.

உடல் பற்றிய வாதம்

பின்னாளில் சேர்ந்த வாதம் என்பதால் அது பொய்யாகிவிடாது. சாக்கரில் பெலே 17 வயதில் உலகக் கோப்பை வென்றார். லமின் யமால் 16 வயதில் ஐரோப்பியக் கோப்பையில் ஆடினார். அந்த ஆட்டத்தில் கால் நுணுக்கமும் வேகமும் உடல் வலுவின் குறையை ஈடுகட்டிவிடும். அமெரிக்கக் கால்பந்தில் அது கடினம். ஒவ்வொரு ஆட்டத் துண்டும் மோதலோடுதான் தொடங்குகிறது. முன்வரிசையில் நிற்பவர்கள் பலர் 136 கிலோவுக்கு மேல் எடையுள்ளவர்கள். ஆண்டுக்கணக்காக எடைப் பயிற்சியால் இறுகிய உடல்கள். பள்ளி அணியில் அதே எடையுள்ள பையன்கள் இல்லாமலில்லை. ஆனால் எடை வேறு, முதிர்ந்த தசை வலிமை வேறு. கூடவே, நூற்றுக்கணக்கான ஆட்டத் திட்டங்களை மனப்பாடம் செய்து நொடியில் முடிவெடுக்கும் பழக்கமும் வேண்டும்.

நீதிமன்றத்தில் லீக் முன்வைத்த காரணங்களில் இதுவே முதன்மை. வாசல் திறந்திருந்தால் அதை எட்டுவதற்காகப் பள்ளிப் பையன்கள் ஊக்கமருந்து ஊசிகளை நாடுவார்கள் என்றும் அது வாதிட்டது. ஆனால் காயமடையும் வீரர்களால் அணிகளுக்கு ஏற்படும் செலவைத் தவிர்ப்பதும், ரசிகர்களுக்கு விற்கும் ஆட்டத்தின் தரம் குறையாமல் பார்ப்பதும் அதே பட்டியலில் இருந்தன.

கிளாரெட் வழக்கு

அந்த வழக்கைத் தொடுத்தவர் மோரிஸ் கிளாரெட். ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் முதலாமாண்டு மாணவராக இருந்தபோதே, 2002 பருவத்தில், பந்தை ஏந்தி 1,237 கெஜ தூரம் ஓடியவர். 2003 ஜனவரியில் நடந்த தேசிய இறுதி ஆட்டத்தில் மியாமி அணிக்கு எதிராக இரண்டாவது கூடுதல் சுற்றில் வெற்றிப் புள்ளிகளை எடுத்தவரும் அவரே. விதிகளுக்குப் புறம்பான சலுகைகள் பெற்றார் என்று அடுத்த பருவம் முழுவதும் கல்லூரி அவரை நீக்கி வைத்தது. கல்லூரியிலும் ஆட முடியாது, என்.எஃப்.எல்.லிலும் சேர முடியாது என்ற நிலையில் அவர் நீதிமன்றத்துக்குப் போனார்.

அதே 2003-இல் அதே ஒகையோ மாநிலத்தைச் சேர்ந்த லெப்ரான் ஜேம்ஸ், பள்ளியிலிருந்து நேரே கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.யில் முதல் ஆளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். அந்த வாசலும் சீக்கிரமே சாத்தப்பட்டது: 2006 முதல் என்.பி.ஏ.யும் பள்ளிக்குப் பின் ஓராண்டு காத்திருக்கச் சொல்கிறது.

2004 பிப்ரவரியில் மாவட்ட நீதிபதி ஷிரா ஷைண்ட்லின் கிளாரெட்டுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். தகுதியுள்ள ஒருவரைச் சந்தைக்குள் வரவிடாமல் அணிகள் எல்லாம் கூடித் தடுப்பது வணிகப் போட்டியைக் காக்கும் சட்டத்துக்கு எதிரானது என்பது அவர் கருத்து. மூன்றே மாதத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் சோனியா சோட்டோமேயர்; 2009-இல் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றவர்.

சோட்டோமேயரின் தர்க்கம் தொழிற்சங்கச் சட்டத்தைச் சார்ந்தது. யாரை வேலைக்கு எடுப்பது என்பதை முதலாளிகளும் சங்கமும் பேசித் தீர்க்கலாம். அப்படிப் பேசித் தீர்க்கக் கூடியவற்றில் போட்டிச் சட்டம் தலையிடாது. கிளாரெட் இன்னும் சங்க உறுப்பினர் இல்லையே என்றால், அதனால் வேறுபாடு இல்லை; ஏற்கெனவே பணியில் இருப்போருக்கு முன்னுரிமை கேட்டுப் பெறுவது சங்கங்கள் காலங்காலமாகச் செய்துவருவதே. ஓர் அணியில் 53 இடங்கள்தான். புதிதாக ஒருவர் வந்தால் பழையவர் ஒருவர் வெளியேற வேண்டும். தடையைத் தளர்த்தும்படி சங்கம் ஏன் போராடவில்லை என்பதற்கு இந்தக் கணக்கே விடை.

கிளாரெட் காத்திருந்து 2005-இல் டென்வர் அணியால் 101-ஆவது ஆளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பருவம் தொடங்கும் முன்பே அணி அவரை விடுவித்தது. ஓர் அதிகாரபூர்வ ஆட்டம்கூட அவர் ஆடவில்லை. விதி சரியானது என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. அது பொருந்தாத சான்று. ஓட்டக்காரர் ஒருவர் இரண்டு பருவங்கள் களத்தையே பார்க்காமல் இருந்தால் என்ன ஆவார் என்பதைத்தான் அது காட்டுகிறது.

யார் செலவில்?

பேஸ்பால் அணிகளும் பள்ளி மாணவர்களைத் தேர்ந்தெடுக்கின்றன. ஆனால் தாங்கள் செலவிடும் கீழ்நிலை லீக்குகளில் வைத்துச் சம்பளம் கொடுத்து வளர்க்கின்றன. என்.எஃப்.எல்.லுக்கு அப்படி எதுவும் இல்லை. ஐரோப்பாவில் நடத்திய துணை லீக்கையும் 2007-இல் மூடிவிட்டது. பயிற்சியாளர்களையும் உடற்பயிற்சிக் கூடங்களையும் லட்சம் பேர் அமரும் அரங்குகளையும் கல்லூரிகளே வைத்திருக்கும்போது, நாற்றங்கால் செலவு அதற்கு மிச்சம். விளைந்த பயிரை அறுக்க மட்டும் வந்தால் போதும்.

செலவின் ஒரு பகுதியை வீரனின் உடல் ஏற்கிறது. தென் கரோலினா பல்கலைக்கழகத்தின் மார்கஸ் லாட்டிமோர், முதல் பருவத்திலேயே நாடறிந்த ஓட்டக்காரர் ஆனவர். 2011-இல் ஒரு முழங்காலிலும், 2012-இல் மற்றதில் மிகக் கொடூரமாகவும் அடிபட்டார். சான் பிரான்சிஸ்கோ அணி 2013-இல் அவரைத் தேர்ந்தெடுத்தும், ஓர் ஆட்டம்கூட ஆடாமல் 2014-இல் ஓய்வு பெற்றார். அந்தக் கல்லூரிப் பருவங்களுக்கு அவருக்கு அனுமதிக்கப்பட்டிருந்த ஊதியம் படிப்புதவி மட்டுமே.

இதோடு 2011-இல் வந்த புதுமுகச் சம்பள விதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தேர்ந்தெடுக்கப்படுபவருக்கு முதல் ஒப்பந்தம் நான்கு ஆண்டுகள். தொகை முன்கூட்டியே வரையறுக்கப்பட்டது. கல்லூரியில் மூன்று, இதில் நான்கு என்று கழித்தால், விரும்பிய விலையைப் பேசும் உரிமை கிடைக்கும்போது வயது 25 ஆகிவிடும். பந்தெறிபவருக்கு அது இளமை. ஒவ்வோர் ஓட்டத்திலும் அடிபடும் ஓட்டக்காரரை அந்த வயதில் அணிகள் தேய்ந்தவராகப் பார்க்கத் தொடங்கிவிடும்.

அண்மைக் காலத்தில் இந்தக் குறையின் கூர்மை மழுங்கியிருக்கிறது. 2021 ஜூலை முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரங்களுக்குக் கொடுத்துப் பணம் பெறலாம். அவ்வாண்டே குவின் யூவர்ஸ் என்ற பந்தெறிபவர் பள்ளி இறுதி ஆண்டு ஆட்டத்தைத் துறந்து ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். டெக்சாஸ் மாநிலப் பள்ளி மாணவர்கள் அத்தகைய பணம் பெறத் தடை இருந்ததே காரணம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஓர் உடன்பாட்டின்படி, கல்லூரிகளே தம் வீரர்களுக்கு முதல் ஆண்டில் ஏறத்தாழ 2.05 கோடி டாலர் வரை பகிர்ந்தளிக்கலாம். கல்லூரியிலேயே வருமானம் கிடைப்பதால், மூன்று ஆண்டு முடிந்தும் என்.எஃப்.எல்.லுக்குப் போகாமல் நான்காம் ஆண்டும் தங்குபவர்கள் இப்போது இருக்கிறார்கள்.

என்.எஃப்.எல்.லும் வீரர் சங்கமும் 2020-இல் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 2030 பருவம் வரை செல்லும். மூன்று பருவ விதி அதில் மாற்றமின்றி இருக்கிறது.