பேச மறுப்பதும் பதில்தான்

எகிப்தின் பெதூயின் பெண்களைப் பற்றி எழுத 1978-ல் போன லீலா அபு-லுகோதை அங்கே அறிமுகப்படுத்தியது அவருடைய அப்பா. அதனால் அந்த வீட்டில் அவரும் ஒரு மகள். பெண்கள் தங்களுக்குள் மட்டும் சொல்லிக்கொள்ளும் குட்டிக் கவிதைகள் காதில் விழுந்தது அப்படித்தான். கேள்வித்தாளோடு போனால் கிடைக்குமா?

நம்ம பக்கம் கமலா விஸ்வேஸ்வரன். விடுதலைப் போராட்டத்தில் இருந்த தமிழ்ப் பெண்களைத் தேடிப் போனார். ஒருவர் பேசவே மறுத்தார். 1994-ல் வந்த புத்தகத்தில் அந்த மறுப்பை 'டேட்டா இல்லை' என்று தள்ளாமல், அதையே ஆராய்ந்தார்.

திண்டுக்கல் மில் ஹாஸ்டலில், வார்டன் பக்கத்தில் நிற்க, "ஏதாவது பிரச்சனையாம்மா?" என்று கேட்டுப் பாருங்கள். "ஒண்ணுமில்ல சார்" என்றுதான் வரும். அதை மட்டும் எழுதினால் சர்வே. வார்டன் நின்றதையும், கேட்டது ஒரு 'சார்' என்பதையும் சேர்த்து எழுதினால்தான் ஆராய்ச்சி.