கற்றவரெல்லாம் கற்பிப்பவரா?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்

மருத்துவம் படித்து முடித்தவர் ஓராண்டுக் காலம் மருத்துவமனையில் பயிற்சி பெற்ற பின்னரே தனித்து மருத்துவம் பார்க்கலாம். பள்ளி ஆசிரியராக விரும்புவோர் பி.எட். போன்ற படிப்பில் சேர்ந்து, பள்ளிகளுக்குச் சென்று பாடம் நடத்திப் பழகுகின்றனர். ஆனால் இன்று உதவிப் பேராசிரியர் என வழங்கப்பெறும் கல்லூரி விரிவுரையாளருக்கு அத்தகைய முன்பயிற்சி எதுவும் விதிக்கப்படவில்லை. முதுகலைப் பட்டத்துடன் நெட் அல்லது செட் தேர்வில் வெற்றியோ, முனைவர் பட்டமோ தகுதியாகக் கொள்ளப்படுகிறது. நெட் தேர்வின் முதல் தாளில் கற்பித்தல் திறன் பற்றிய வினாக்கள் உண்டு. அவற்றுக்குச் சரியான விடையைக் குறித்தால் போதும். பாடம் நடத்திக் காட்ட வேண்டியதில்லை. ஆகவே புதிதாகப் பணியேற்பவர், தமக்குக் கற்பித்தவர் எவ்வாறு கற்பித்தாரோ அவ்வாறே கற்பிக்கத் தொடங்குகிறார். இது அவர் குற்றமன்று. வேறு வழி அவருக்குக் காட்டப்படவில்லை.

அறிதல் வேறு, அறிவித்தல் வேறு என்பது நம் முன்னோர் அறிந்ததே. பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் ஆசிரியர் ஆகாதாருக்குச் சில உவமைகள் கூறுகிறார். அவற்றுள் ஒன்று கழற்சிக்காய் பெய்த குடம். போட்ட வரிசையில் காய்கள் வெளிவருவதில்லை. மற்றொன்று பஞ்சடைத்த குடுக்கை. உள்ளே போவதும் சிறிது சிறிதாக, வெளியே வருவதும் சிறிது சிறிதாக. இரண்டிலும் பொருள் இருக்கிறது. வெளிவரும் முறைதான் இல்லை.

மூன்றாவது அறிவு

பாட அறிவு ஒன்று. வகுப்பை நடத்தும் முறை பற்றிய அறிவு மற்றொன்று. இவ்விரண்டுக்கும் அப்பால் மூன்றாவது அறிவு ஒன்று உண்டு என்று அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன் 1986-இல் எடுத்துக்காட்டினார். குறிப்பிட்ட ஒரு பாடத்தில் மாணவர் எங்கே இடறுவர், எந்த எடுத்துக்காட்டால் தெளிவர் என்னும் அறிவே அது.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். செங்குத்தாக மேலே எறிந்த கல், உச்சியை அடையும் கணத்தில் அதன் முடுக்கம் என்ன? நம்மில் பலர் சுழி என்றே விடை கூறுவோம். திசைவேகம் சுழியாவதால் முடுக்கமும் சுழியென மயங்குகிறோம். அக்கணத்திலும் முடுக்கம் கீழ்நோக்கி விநாடிக்கு விநாடி 9.8 மீட்டர் என்று சமன்பாட்டை எழுதிப் போனால் மயக்கம் தீராது. "முடுக்கம் சுழியாகவே இருந்தால் கல் அங்கேயே நின்றுவிடுமே, ஏன் கீழே வருகிறது?" என்று கேட்டால் தீர்ந்துவிடும். அந்தக் கேள்வியை எங்கே கேட்பது என அறிந்திருப்பதே மூன்றாவது அறிவு.

ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூருக்கும் இது 1990-இல்தான் புலப்பட்டது. கடினமான கணக்குகளைப் போட்ட அவர் மாணவர்கள், அடிப்படைக் கருத்துகள் பற்றிய எளிய வினாக்களில் தடுமாறினர். நீங்கள் கற்பித்தபடி எழுதவா, நான் வழக்கமாக நினைப்பதுபோல் எழுதவா என ஒரு மாணவி கேட்டாராம். அதன்பின் அவர் தம் முறையை மாற்றினார். வகுப்பின் இடையே ஒரு வினாவைத் தந்து விடைகளைப் பெறுவார். பக்கத்தில் இருப்பவருடன் விவாதிக்கச் செய்வார். மீண்டும் விடை கேட்பார். கை தூக்கச் சொல்லியே இதைச் செய்யலாம். தனிக் கருவி எதுவும் தேவையில்லை. "புரிந்ததா?" என்று கேட்டு, "புரிந்தது சார்" என்ற ஒருமித்த குரலைப் பெறுவதைவிட இது எவ்வளவோ மேல்!

நம் நாட்டு முயற்சிகள்

புதிய விரிவுரையாளர்க்குச் சில வாரப் பயிற்சி தேவை என்பதை 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு வலியுறுத்தியது. 1986-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின், 1987 முதல் பல்கலைக்கழக மானியக் குழு கல்விப் பணியாளர் கல்லூரிகளை நிறுவியது. நான்கு வாரப் பயிற்சிகள் நடைபெற்றன. அந்நிறுவனங்கள் 2015-இல் மனிதவள மேம்பாட்டு மையங்கள் என்றும், 2023-இல் மாளவியா இயக்க ஆசிரியர் பயிற்சி மையங்கள் என்றும் பெயர் மாறின.

இவை பாராட்டத்தக்கவையே. எனினும் பயிற்சி வகுப்பறைக்கு முன்னதாக வருவதில்லை, பின்னரே வருகிறது. பதவி உயர்வுக்குச் சான்றிதழ் தேவைப்படுவதால், பணியேற்றுச் சில ஆண்டுகள் கழித்துச் செல்வோரும் உளர். மேலும் நான்கு வாரப் பாடத்திட்டத்தில் சமுதாயம், கல்வித் தத்துவம், நிருவாகம், ஆளுமை எனப் பல பொருள்கள் இடம்பெற்றன. கற்பித்தல் முறை அவற்றுள் ஒரு கூறு மட்டுமே.

நீச்சலைப் பற்றிய சொற்பொழிவு நீந்தக் கற்றுத் தராது. 1963-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான நுண்ணிலைக் கற்பித்தல் இதற்கு ஏற்ற வழி. வினாக் கேட்டல் போன்ற ஒரே ஒரு திறனை எடுத்துக்கொண்டு, சிலர் முன்னிலையில் ஐந்து முதல் பத்து நிமிடம் பாடம் நடத்த வேண்டும். பார்த்தவர் குறைநிறைகளைக் கூறுவர். திருத்திக்கொண்டு மீண்டும் நடத்த வேண்டும். நம் பி.எட். கல்லூரிகள் கையாளும் இம்முறை கலைக் கல்லூரிக்கு ஆகாததா? முதல் வகுப்புக்கு முன் இரு வாரம் இப்பயிற்சியும், முதலாண்டில் மூத்த பேராசிரியர் வகுப்பில் இளையவரும் இளையவர் வகுப்பில் மூத்தவரும் சென்று அமரும் வழக்கமும் வந்தால் பெரும்பயன் விளையும்.

நமக்கு ஏன் இது?

நம் கல்லூரிக்கு வருவோரில் பலர் தத்தம் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். பள்ளியில் தமிழில் படித்து, இங்கு ஆங்கிலத்தில் இயற்பியலைச் சந்திக்கிறோம். வகுப்பில் விளங்காததை வீட்டில் கேட்க ஆளில்லை, தனிப்பயிற்சிக்குப் பணமில்லை. வசதியுள்ள மாணவர்க்கு விரிவுரை பல வழிகளில் ஒன்று. நமக்கோ அந்த ஒரு மணி நேரமே முழு வழி. அது வீணானால் மாணவன் தன்னையே மந்தபுத்தி எனக் கருதிப் படிப்பை விட்டு நீங்குகிறான். பழுது அவனிடமா, பாடம் வந்த முறையிலா என்று யாரும் ஆராய்வதில்லை.

பேராசிரியப் பெருமக்களைக் குறைகூற இதை எழுதவில்லை. பயிற்சியின்றியே தம் முயற்சியால் சிறந்த ஆசிரியராக உயர்ந்தோர் நம்மிடையே உளர். அவர்கள் பல்லாண்டுகளில் கண்டறிந்ததைப் புதியவர் முதலாண்டிலேயே பெறட்டும் என்பதே நம் வேண்டுகோள். நம்மில் சிலரும் நாளை விரிவுரையாளராவோம். அன்று நம் முன் அமர்வோரும் நம் போன்ற வீடுகளிலிருந்தே வருவர். கற்பிக்கக் கற்றுக்கொண்டு அவர்கள் முன் நிற்பது நம் கடமையாகும்.