வடியாத வெள்ளம்

வெள்ளம் என்பது வரும், வந்தது வடியும். நாம் கண்டறிந்த வெள்ளம் அத்தகையது. 2023ஆம் ஆண்டு டிசம்பரில் தாமிரபரணி கரைபுரண்டபோது நமது ஆலயத்தின் முன்படி வரை நீர் ஏறிற்று. மக்கள் பள்ளிக்கூட மாடியில் தங்கினர். கன்னியர் மடத்தில் கஞ்சி காய்ச்சினோம். சில நாட்களில் நீர் இறங்கியது. சேறு வாரினோம், பாயையும் பாடப்புத்தகங்களையும் வெயிலில் விரித்தோம், அரசு அளித்த ரூ. 6,000 நிவாரணத்தைப் பெற்று, அழுதும் சிரித்தும் மறுபடி வாழத் தொடங்கினோம். நோவாவின் காலத்து வெள்ளமும் இறுதியில் வற்றியதாகவே திருமறை நூல் கூறுகின்றது.

ஆனால் வடியாத வெள்ளமும் உண்டு. ஆப்பிரிக்காவின் தென் சூடான் நாட்டில் பென்டியு என்றோர் ஊர் இருக்கின்றது. 2021ஆம் ஆண்டு அவ்வூரைச் சூழ்ந்த நீர், மழைக்காலம் கழிந்தும் வடியவில்லை. கோடை வந்தும் வடியவில்லை. 2022ஆம் ஆண்டின் மழை அந்நீரின் மேலேயே பெய்தது. சாலைகள் மறைந்தன, சோளக் கொல்லைகள் ஏரியாயின, எஞ்சிய திட்டுகளிலும் மண் அணைகளுக்குள்ளும் மக்கள் ஒடுங்கினர்.

அந்நாட்டு மக்களுக்கு வெள்ளம் புதிதன்று. வெண்ணைல் ஆறு தென் சூடானுக்குள் புகுந்ததும், சுட் எனப்படும் மாபெரும் சதுப்பு நிலத்தில் பரந்து, தான் கொணர்ந்த நீரில் ஏறத்தாழப் பாதியை வெயிலுக்குக் கொடுத்துவிட்டே வடக்கு நோக்கிச் செல்கின்றது. அதன் கரைகளில் வாழும் நூவேர், டிங்கா இனத்தார் மாடு மேய்ப்பவர்கள். மழைக்காலத்தில் மேட்டு நிலத்தில் சோளம் விதைப்பர். மழை நின்று நீர் பின்வாங்கும்போது, அது விட்டுச் செல்லும் பசும்புல்லைத் தொடர்ந்து மந்தைகளை ஆற்றோரம் ஓட்டிச் செல்வர். சிறுவன் ஆண்மகனாகும்போது தன் காளையின் பெயரால் அழைக்கப்படுகின்றான். பெண் கொள்ள மாடு கொடுக்க வேண்டும். பழி தீர்க்கவும் மாடே ஈடு. ஆண்டுதோறும் வந்து சென்ற வெள்ளம் அவர்களுக்குப் பகையாயிருக்கவில்லை. அதுவே அவர்களுடைய உழவன்.

அந்த உழவன் 2019 முதல் வீடு திரும்ப மறந்தான். அவ்வாண்டு இந்துமாக்கடலின் மேற்குப் பகுதி வழக்கத்திற்கு மிஞ்சி வெப்பமுற்றமையால் கிழக்கு ஆப்பிரிக்காவில் பெருமழை கொட்டியது. விக்டோரியா ஏரி 2020 மே மாதத்தில், 1964இல் அது எட்டியிருந்த மட்டத்தையும் தாண்டி உயர்ந்தது. அவ்வேரிக்கு உள்ள ஒரே வடிகால் நைல் நதிதான். நிலமோ தட்டையானது, நீர் பல மாதங்கள் நகர்ந்து நகர்ந்து சதுப்பை அடைகின்றது. எனவே உகாண்டாவில் பெய்த மழையினால் பென்டியுவில் வெயில் காயும் நாளிலும் வெள்ளம் ஏறுகின்றது. தன் தலைக்குமேல் மேகமே இல்லாதிருக்கத் தன் குடிசைக்குள் நீர் புகுவதைக் காணும் ஒருவனின் திகைப்பை எண்ணிப் பாருங்கள்.

இங்கே ஒரு சிறு விலகல். சுட் சதுப்பில் நீர் வீணாகின்றது என்று கருதி, அதனைச் சுற்றிச் செல்ல ஜோங்லே கால்வாய் என்ற 360 கிலோமீட்டர் நீளக் கால்வாயை 1978இல் வெட்டத் தொடங்கினர். ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு வெட்டப்பட்ட நிலையில் உள்நாட்டுப் போரால் 1984இல் வேலை நின்றது. இத்திட்டத்தைப் பற்றி அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆய்வு செய்து 1981இல் முனைவர் பட்டம் பெற்ற ஜான் கராங் என்பவரே, பின்னர் வேலையை நிறுத்திய புரட்சிப் படையின் தலைவராயிருந்தார்! அந்நீர் யாருக்கு வீண், யாருக்கு வாழ்வு என்ற கேள்வி இன்றளவும் தீரவில்லை.

வெள்ளத்தில் தவிக்கும் அதே நாட்டின் தென்கிழக்கு மூலையில், கப்போயெட்டாப் பகுதியில், வறட்சியினால் மாடுகள் மடிந்தன. கடலின் மனநிலை மாறி, 2020 இறுதி முதல் ஐந்து மழைப் பருவங்கள் தொடர்ந்து ஆப்பிரிக்காவின் கொம்பு என்னும் பகுதியை ஏமாற்றின. சோமாலியாவில் மட்டும் 2022ஆம் ஆண்டில் வறட்சியின் விளைவாக 43,000 பேர் மிகையாக இறந்திருக்கலாம் என ஆய்வாளர் கணித்தனர். அவர்களுள் பாதிப்பேர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள்.

வானமும் ஆறும் செய்தவை இவை. மனிதர் செய்தது வேறு. தென் சூடான் 2011 ஜூலை 9ஆம் நாள் விடுதலை பெற்றது. அதற்கு முன் நடந்த வாக்கெடுப்பில் நூற்றுக்கு 98 பேருக்கு மேல் தனிநாடு வேண்டினர். ஆலயங்களில் நன்றி வழிபாடுகள் நடந்தன. இரண்டரை ஆண்டு கழியுமுன்னர், 2013 டிசம்பரில், குடியரசுத் தலைவர் சால்வா கீருக்கும் முன்னாள் துணைத்தலைவர் ரீக் மச்சாருக்கும் இடையே மூண்ட பூசல் இனப்போராயிற்று. 2018 வரை அப்போரினால் நேரடியாகவும், பசி பிணிகளாலும் இறந்தோர் ஏறத்தாழ 3,80,000 பேர் என்பது இலண்டன் ஆய்வாளரின் கணிப்பு. பென்டியு நகரம் கைமாறிக் கைமாறிச் சூறையாடப்பட்டது. ஐக்கிய நாடுகள் அவையின் அமைதிப்படை முகாமுக்குள் ஓடிப் புகுந்தோர் தொகை ஒரு இலட்சத்தையும் தாண்டியது.

பஞ்சம் என்னும் சொல்லை நாம் எளிதில் வழங்கிவிடுகின்றோம். உலக அமைப்புகள் அச்சொல்லைச் சொல்வதற்கு அளவுகோல் வைத்துள்ளன. ஐந்தில் ஒரு குடும்பமேனும் உணவற்று நிற்க வேண்டும். குழந்தைகளில் நூற்றுக்கு முப்பது பேர் கடுமையாக மெலிந்திருக்க வேண்டும். பதினாயிரம் பேரில் நாளொன்றுக்கு இருவர் இறக்க வேண்டும். இவ்வளவும் நேர்ந்த பின்னரே அச்சொல் உச்சரிக்கப்படும். பென்டியுவுக்குத் தெற்கேயுள்ள லேர், மயென்டிட் என்னும் இரு வட்டாரங்களில் 2017 பிப்ரவரி 20 அன்று அது உச்சரிக்கப்பட்டது. மழை பொய்த்ததால் வந்த பஞ்சமன்று அது. படைகள் வந்து மாட்டை ஓட்டிச் சென்று, தானியத்தை எரித்து, உணவு கொண்டுவந்தோரையும் தடுத்ததால் வந்த பஞ்சம். அறிவிப்புக்குப் பின் உதவி குவிந்தது. ஜூன் மாதத்தில் பஞ்சம் நீங்கியதாகக் கூறப்பட்டது. பசி நீங்கியதாக எவரும் கூறவில்லை.

2019 ஏப்ரல் 11ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ், வத்திக்கானில் தியானத்திற்கு வந்திருந்த அந்நாட்டுத் தலைவர்களின் முன் மண்டியிட்டு, அவர்களுடைய காலணிகளை முத்தமிட்ட காட்சியை நம்மில் பலர் படங்களில் கண்டோம். எண்பதைக் கடந்த முதியவர் எழுந்து நிற்கப் பிறர் கைகொடுக்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு கூட்டு அரசு அமைந்தது. 2023 பிப்ரவரியில் ஆங்கிலிக்கன் பேராயரும் ஸ்காட்லாந்துத் திருச்சபைத் தலைவரும் உடன்வர, திருத்தந்தை ஜூபா நகருக்கே சென்றார். ஆயினும் 2025 மார்ச் மாதத்தில் மச்சார் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். துப்பாக்கிகள் மறுபடி பேசின. அந்த முத்தம் வீணாயிற்றோ என நம்மை வினவுவோர் உளர். அதனைக் காலணிக்கு உரியவர்களிடம் அன்றோ வினவ வேண்டும்!

போருக்கு அஞ்சி முகாமுக்குள் புகுந்த அந்த மக்களைத்தான் வெள்ளமும் தேடி வந்தது. வெளியே நிற்கும் நீரின் மட்டம் உள்ளே மனிதர் உறங்கும் தரையைவிட உயரம். இடையே இருப்பது மண் அணை ஒன்றே. அதனைப் பாகிஸ்தானிய அமைதிப்படைப் பொறியாளர் எந்திரங்களால் எழுப்பினர். மக்கள் மண்வெட்டியாலும் வெறுங்கையாலும் எழுப்பினர். கரையில் எங்கேனும் கசிவு தென்பட்டால் ஓடிச்சென்று மண்மூட்டை இட வேண்டும். பெண்கள் இடுப்பளவு நீரில் பாம்புக்கு அஞ்சியபடி நடந்து, அல்லித் தண்டின் அடியிலுள்ள கிழங்கைப் பறித்துவந்து, உலர்த்தி, இடித்து உணவாக்கினர். நம் கோயில் குளத்தில் அழகுக்கெனப் பார்க்கும் அதே அல்லிதான். மாடுகளை இழந்த ஆடவர் வலை பின்னவும் தோணி செலுத்தவும் கற்றனர்.

இந்தப் பென்டியுவைத்தான் 2024 ஜூலையில் திருத்தந்தை புதிய மறைமாவட்டமாக உயர்த்தினார். முதல் ஆயராக நியமிக்கப்பெற்றவர் கொம்போனி சபையைச் சேர்ந்த மேதகு கிறிஸ்டியன் கார்லசாரே. இவர் 2021 ஏப்ரலில், ரும்பெக் மறைமாவட்டத்திற்கு ஆயராக நியமிக்கப்பட்டு, திருநிலைப்பாடு பெறுமுன்னரே, இரவில் அறைக்குள் புகுந்தோரால் இரு கால்களிலும் சுடப்பட்டவர். சுட்டோரை மன்னிப்பதாக மருத்துவமனையிலிருந்தே கூறினார். மறு ஆண்டு அதே மக்களிடம் திரும்பினார். சாலை நீரில் மூழ்கிய இடத்தில் மறைமாவட்டம் ஒன்றை அமைப்பதில் உலக வழக்கிலான அறிவுடைமை எதுவும் இல்லை.

இனி நமது பங்கில் நிகழ்ந்ததைக் கூற வேண்டும். சென்ற ஆண்டு மறைபரப்பு ஞாயிறுக்கு முன்னர், பங்குப் பேரவையில் இந்நாட்டைப் பற்றிப் பேசினோம். வின்சென்ட் தே பவுல் சபையின் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்தார். வாராவாரம் கைம்பெண்களின் வீடுகளுக்குத் தம் மிதிவண்டியிலேயே அரிசி கொண்டு செல்பவர். "சாமி, நம்ம தெருவிலேயே உலை வைக்காத வீடு ஏழு இருக்கு. அதை விட்டுட்டு ஆப்பிரிக்காவுக்கு எதுக்கு?" என்று கேட்டார். கேள்வியில் கருமித்தனம் இல்லை, கணக்கு இருந்தது. உடனே விடை கூற நம்மால் இயலவில்லை.

பிறகு கூறியது இது. தென் சூடானில் மழை ஏறத்தாழ மே மாதம் தொடங்கி அக்டோபர், நவம்பர் வரை நீள்கின்றது. அப்போது மண்சாலைகள் களியாகி, நாட்டின் பெரும்பகுதிக்கு லாரி செல்ல முடியாது. டிசம்பர் முதல் ஏப்ரலுக்குள் தானியத்தைக் கொண்டுசேர்த்துக் கிடங்கில் வைத்தால் வைத்ததுதான். தவறினால் விமானத்திலிருந்து மூட்டைகளை வீச வேண்டும், செலவு பன்மடங்கு. ஆனால் உலகம் மனமிரங்குவது செய்தித்தாளில் படம் வரும்போது. படம் வருவது வெள்ளத்தின்போது. வெள்ளத்தின்போது லாரி செல்லாது! ஒரே ரூபாய், காலத்தே தந்தால் பல மூட்டை. படத்தைப் பார்த்துத் தந்தால் ஒரு மூட்டை.

2025இல் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவி நிறுவனத்தை மூடியது. பிற செல்வநாடுகளும் கையைச் சுருக்கின. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட வாந்திபேதிக் கொள்ளைநோய் மறு ஆண்டின் நடுப்பகுதிக்குள் ஆயிரத்திற்கும் மேற்பட்டோரை அங்கே கொன்றது. உப்பும் சர்க்கரையும் தூய நீரும் காலத்தில் கிடைத்தால் பெரும்பாலோர் பிழைக்கும் நோய் அது. இவ்வளவிற்கும் நடுவே, வடக்கே சூடானில் 2023 ஏப்ரலில் மூண்ட போரினின்று தப்பி எல்லை கடந்த பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோரை இந்த ஏழை நாடு ஏற்றுள்ளது. தன் தெருவில் உலை வைக்காத வீடுகளை எண்ணிப் பார்த்துவிட்டா அது கதவைத் திறந்தது?

ஒன்றை மறைக்காமல் சொன்னோம். மறைபரப்பு ஞாயிறன்று நாம் இடும் காசு நேரே சோள மூட்டை ஆவதில்லை. அது உலகெங்கும் உள்ள மறைபரப்பு நாடுகளின் மறைமாவட்டங்களுக்குப் பகிரப்படுகின்றது. உபதேசியார், சிற்றாலயம், பள்ளி, மருந்தகம் ஆகியவற்றுக்குச் செல்கின்றது. நம் நாட்டு மறைமாவட்டங்களும் அதனால் பயன் பெற்றவையே. ஆனால் மூட்டை வந்து இறங்கும் நாளில் எந்தக் குடிசையில் நோயாளி இருக்கின்றார், எந்தக் குழந்தைக்குத் தாய் இல்லை என்பதை அறிந்தவர் யார்? படம் எடுத்தவர் போய்விட்ட பின்னும் அங்கேயே இருக்கும் உபதேசியார்தாம். மிதிவண்டியில் அரிசி கொண்டு செல்லும் நமது பெரியவர் இதை உடனே புரிந்துகொண்டார். அது அவருடைய சொந்தத் தொழில் அன்றோ.

கூட்டம் கலைந்த பின்னரும் அவர் நின்றார். அந்த ஊர் எங்கே என்று வினவினார். பள்ளியின் உலகப்படத்தண்டை அழைத்துச் சென்றோம். நமது கோவில்பட்டியும் அந்தப் பென்டியுவும் பூமியில் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில், ஒன்பது பாகைக்குச் சற்று வடக்கே இருக்கின்றன. கோவில்பட்டியில் விரலை வைத்து நேர் மேற்கே இழுக்கச் சொன்னோம். விரல் மலையைத் தாண்டிக் கடலில் இறங்கியது, சோமாலியாவில் கரையேறியது, எத்தியோப்பியாவைக் கடந்தது, வெண்ணைலின் நீலக் கோட்டருகே நின்றது.

"எங்கேயும் திரும்ப வேண்டாம்ல, சாமி?" என்றார்.