இருட்டில் வழி காட்டுவது எது?

நள்ளிரவில் விளக்கில்லாமலே கூடத்திலிருந்து சமையலறைக்குச் சென்று, பானையில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டுத் திரும்பி விடுகிறோம். கண் உதவாத அந்நேரத்தில், இன்ன இடத்தில் இருக்கிறோம் என்ற உணர்வை நமக்கு அளிப்பது எது?

புலன்கள் ஐந்து என்று பிள்ளைகளுக்குப் போதிக்கிறோம். அவற்றில் சேராத கருவியொன்று நம் உட்செவியில் அமைந்திருக்கிறது. நீர் நிரம்பிய மூன்று அரைவட்டக் குழாய்கள், தலை எப்பக்கம் திரும்பிற்று என்பதை மூளைக்கு அறிவிக்கின்றன. எவ்வளவு தூரம் நடந்தோம் என்பதைக் கால்களின் தசைகளும் மூட்டுகளும் தெரிவிக்கின்றன. ஆனால் இக்கணக்கில் அடிக்கு அடி சிறு பிழை சேரும். கை சுவரில் பட்டதும் மூளை அதைத் திருத்திக்கொள்கிறது. பகலில் கண்ணின் சாட்சிக்கே மதிப்பு அதிகம். இருளில் மற்றச் சாட்சிகளின் சொல் ஏறுகிறது. எந்த நியாயாதிபதியும் இவ்வளவு விரைவில் தீர்ப்புச் சொல்ல மாட்டார்!

1971-ஆம் ஆண்டில் லண்டன் யூனிவர்ஸிடி காலேஜில் ஜான் ஓகீஃபும் டாஸ்ட்ராவ்ஸ்கியும் எலியின் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியை ஆராய்ந்தார்கள். கடற்குதிரை போன்ற வடிவத்தால் அதற்கு வந்த பெயர் அது. அங்குள்ள நரம்பணு ஒன்று, எலி குறிப்பிட்ட ஓர் இடத்துக்கு வந்தபோது மட்டும் துடித்தது. பிற்பாடு வேறு சிலர், வட்டமான அரங்கின் சுவரில் ஓர் அட்டையை மாட்டி, அதைச் சுற்றி நகர்த்திப் பார்த்தார்கள். அணு துடிக்கும் இடமும் கூடவே நகர்ந்தது. விளக்கை அணைத்த பின்னரோ, பல அணுக்கள் தத்தம் இடத்திலேயே துடித்தன.

2005-ல் நார்வே தேசத்து டிராண்ட்ஹைம் நகரில் மே-பிரிட் மோஸர் அம்மையாரும் எட்வர்ட் மோஸரும் தம் குழுவினருடன், அதற்கு அண்டைப் பகுதியில் இன்னொரு வகை அணுவைக் கண்டார்கள். அது ஓரிடத்தில் மட்டும் துடிப்பதன்று. இடுக்குப் புள்ளிக் கோலம்போல் சம தூரத்தில் அமைந்த பல இடங்களில் துடிக்கிறது. ஓகீஃபும் மோஸர் இருவரும் 2014-ல் நோபெல் பரிசு பெற்றார்கள். நம் நெல்லைத் தின்னும் எலிக்கு இத்தனை கியாதி!

வீட்டுப் பெரியவர்கள் விஷயத்தில் இது வெறும் வேடிக்கையன்று. அல்ஸைமர் என்னும் மறதி நோய் முதலில் தாக்கும் இடங்களுள், மோஸர்கள் ஆராய்ந்த பகுதியும் ஒன்று. ஆகவே, பழங்கதைகளைப் பிசகாமல் சொல்லும் முதியவரும் நாற்பது வருஷம் நடந்த தெருவில் திகைத்து நிற்கக் கூடும். "கவனம் போதவில்லை" என்று வீட்டார் கடிந்துகொள்வதை நாம் கேட்டிருக்கிறோம். கடிவதால் பயனில்லை. தாமதியாமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும்; கட்டிலையும் பெட்டியையும் அடிக்கடி இடம் மாற்றலாகாது; இரவில் நடையில் ஒரு சிறு விளக்கு எரியட்டும்.