வெயிலும் காற்றும் கைகோத்தால்...

சூரியனும் காற்றும் மட்டுமே நாட்டுக்கு விளக்கேற்ற முடியுமா?

2024-ம் ஆண்டு மே 30-ந் தேதி இந்தியாவின் மின்சாரத் தேவை 2,50,000 மெகாவாட்டை எட்டியது. அதுவரை கண்டிராத அளவு அது!

ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் இருக்கிறது. 2016-ல் அமைக்கப்பட்டது. பொழுது சாய்ந்தால் அது ஓய்ந்துவிடும். வீட்டில் விளக்குப் போடும் நேரமோ அதுதான்!

கன்னியாகுமரி மாவட்டம் முப்பந்தலில் காற்றாலைகள் சுழல்கின்றன. காற்றுக்கு இரவு, பகல் கிடையாது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கணவாய் வழியே பலமாக வீசும். நாட்டின் பல பகுதிகளில் மழை மேகம் வெயிலை மறைக்கும் காலமும் அதுவே. ஒன்று குறைந்தால் மற்றொன்று கைகொடுக்கும்.

ஆனால் மாசி மாத இரவில் வெயிலும் இராது, காற்றும் குறைவு. அப்போது என்ன செய்வது?

மிஞ்சும்போது சேமிக்க வேண்டும். கோவை மாவட்டம் காடம்பாறையில் உள்ள 400 மெகாவாட் நீர்மின் நிலையம் அதற்கென்றே கட்டப்பட்டது. மின்சாரம் மிஞ்சினால், கீழே உள்ள மேல் ஆழியாறு அணைத் தண்ணீரை மலைமேல் உள்ள காடம்பாறை அணைக்கு ஏற்றலாம். தேவை வந்தால், அதே தண்ணீரைக் கீழே விட்டு மின்சாரம் எடுக்கலாம். ஏற்றுவதற்குச் செலவாகும் மின்சாரம் முழுவதும் திரும்பக் கிடைக்காது. ஆனாலும், வேண்டிய நேரத்தில் கிடைக்கும்!

பெரிய மின்கலங்களிலும் சேமிக்கலாம். வெயில், காற்று, சேமிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் இரவிலும் விளக்கு அணையாது.