பெரியப்பாவின் ரயிலும் விழுப்புரம் பாதையும்

அரியாங்குப்பத்துக்கு ரயில் கிடையாது. ரயிலேற வேண்டுமென்றால் புதுச்சேரி நிலையத்துக்குப் போக வேண்டும், இல்லையென்றால் கடலூருக்கு. ஆனால் எங்கள் வீட்டு மாடியறையில் ஒரு காலத்தில் ரயில் ஓடியது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவர்களை எங்கள் பக்கம் ‘சொல்தா’ என்பார்கள். என் பெரியப்பா ஒரு சொல்தா. ஊர் திரும்பும்போது அவர் கொண்டுவந்தது ‘ஜூயெஃப்’ ரயில் செட். பிரான்சின் ஜூரா பகுதியில் 1944-ல் தொடங்கிய பொம்மை கம்பெனி அது. ஒரு பிளைவுட் பலகையின் மேல் தண்டவாளம் பதித்து, வண்டி தடம் மாற இரண்டு பாயிண்ட் வைத்து, அட்டையில் ஸ்டேஷன் கட்டி, தெருப்பிள்ளைகளுக்கெல்லாம் ஓட்டிக் காட்டினார்.

அவர் போன பிறகு பலகை சுவரோரம் சாய்ந்தே கிடந்தது. “எடைக்குப் போட்டுடாதப்பா, அவரு கையால பண்ணது” என்றார் பெரியம்மா. இப்போது அதைச் சீர்செய்துகொண்டிருக்கிறேன். புது செட் வாங்குவது சுலபம். ஆனாலும் பழைய லே-அவுட்டைப் பழுதுபார்த்து ஓடவைப்பதுதான் மேலான வேலை என்பது என் உறுதியான எண்ணம். செய்தவரின் யோசனை ஒவ்வொரு ஆணியிலும் தெரிகிறது. எந்த வளைவை ஏன் அங்கே வைத்தார் என்று புரியும்போது, கூடவே உட்கார்ந்து கற்றுக்கொள்வதாகவே இருக்கிறது.

இப்படிப்பட்ட பலகை கையில் கிடைத்தால் எல்லோருக்கும் முதலில் கை போவது மரம், மலை, வீடு பக்கம்தான். அது கடைசி வேலை. முதலில் பலகையைப் பாருங்கள். கரையான் அரித்திருக்கிறதா, நடுவில் தொய்ந்திருக்கிறதா என்று அடியில் விளக்கடித்துப் பார்க்க வேண்டும். தொய்வு இருந்தால் அடியில் குறுக்குச்சட்டம் கொடுத்து நிமிர்த்திய பிறகுதான் மற்றதெல்லாம்.

அடுத்தது தண்டவாளம். எங்கள் ஊரில் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஆறு. உப்புக்காற்றுக்கு இரும்பு துருப்பிடிக்கும், பித்தளை கறுக்கும். பித்தளையின் மேல் படியும் அந்தக் கறுப்பு மின்சாரத்தைத் தடுக்கிறது. செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த இன்றைய தண்டவாளங்களில் இந்தத் தொல்லை குறைவு. பருத்தித் துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தொட்டு ஒரு முழ நீளம் தேய்த்தாலே துணியில் மைக்கோடு விழுகிறது. கோடு விழுவது நிற்கும் வரை தேய்க்க வேண்டும். உப்புத்தாளைத் தொடவே கூடாது. அதன் கீறல்களில் அழுக்கு முன்னைவிடச் சீக்கிரம் தங்கும். பாத்திரம் தேய்க்கும் இரும்பு நார் அதைவிட மோசம்; உதிரும் இழைகளை எஞ்சின் மோட்டாரில் உள்ள காந்தம் இழுத்துக்கொள்ளும்.

தேய்த்த பிறகும் வண்டி ஒரு பக்கம் வேகமாகவும் மறுபக்கம் திணறியும் ஓடினால், கோளாறு மூட்டுகளில் இருக்கிறது. ஒவ்வொரு தண்டவாளத் துண்டையும் அடுத்ததோடு சேர்ப்பது ஒரு சின்னத் தகட்டுக் கவ்வி. நாளாவட்டத்தில் அது தளர்ந்து, ஒவ்வொரு மூட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக வோல்டேஜ் குறையும். மின்சாரம் கொடுக்கும் இடத்திலிருந்து தூரம் போகப் போக எஞ்சின் சோர்வதற்கு இதுதான் காரணம். பலகைக்கு அடியில் தடித்த செம்புக் கம்பி இரண்டை முழு நீளத்துக்கும் இழுத்து, ஒவ்வொரு தண்டவாளத் துண்டிலிருந்தும் மெல்லிய ஒயர் இறக்கி அவற்றில் சால்டர் செய்துவிட்டால் கவ்வியை நம்பியிருக்க வேண்டியதில்லை. பழைய லே-அவுட்டுக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய மேம்பாடு, கண்ணுக்கே தெரியாத இந்த ஒயரிங்தான். மூட்டுகளில் ஓர் இழை இடைவெளி மட்டும் விடுங்கள். மே மாதத்து மாடியறைச் சூட்டில் தண்டவாளம் நீளும், இடமில்லாவிட்டால் வளைந்துகொள்ளும்.

எஞ்சினைத் திறந்தால் பழைய கிரீஸ் பல்சக்கரங்களில் மெழுகாக இறுகிப்போயிருக்கும். சுரண்டித் துடைத்து, அச்சுகளில் ஊசிமுனை அளவு மெல்லிய எண்ணெய் போதும். மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். ஒரே தண்டவாளத்தில் பல எஞ்சின்களைத் தனித்தனியாக ஓட்டும் டிஜிட்டல் கட்டுப்பாட்டுக்கு மாறலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பழைய மோட்டார்கள் கரண்ட் அதிகம் இழுக்கும். மின்சுற்றை எஞ்சின் சட்டத்திலிருந்து பிரிக்க வேண்டியும் வரும். ஓரிரு எஞ்சின் உள்ள வீட்டுப் பலகைக்கு 12 வோல்ட் டிசியே போதும்.

இனி இயற்கைக் காட்சி. பெரியப்பா வைத்திருந்தது ஆல்ப்ஸ் மலை. நான் வைக்கப்போவது விழுப்புரம் – புதுச்சேரி பாதை. 1879-ல் திறந்த மீட்டர்கேஜ் பாதை அது. அன்று பிரெஞ்சு ஊராக இருந்த புதுச்சேரிக்குப் போகும் அந்த ரயிலை ஓட்டியது ஆங்கிலேயரின் தென்னிந்திய ரயில்வே. வளவனூர், சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர் வழியாக வரும் அந்தப் பாதை இன்று அகலப்பாதை. மீட்டர்கேஜ் நினைவில்தான் இருக்கிறது.

இதில் ஒரு கணக்குச் சிக்கல் உண்டு. பெரியப்பாவின் ரயில் ‘எச்ஓ’ அளவு, அதாவது 87-ல் ஒரு பங்கு. அதன் 16.5 மில்லிமீட்டர் தண்டவாளம் ஐரோப்பாவின் 1,435 மில்லிமீட்டர் பாதைக்கு உரியது. அதே அளவில் மீட்டர்கேஜ் சுமார் 11.5 மில்லிமீட்டர்தான் வரும். 16.5-ஐயே மீட்டர்கேஜாக எடுத்துக்கொண்டால் அளவு 60-ல் ஒன்றாகிவிடும். ஐந்தரையடி ஆள் 19 மில்லிமீட்டரிலிருந்து 28-க்கு வளர்ந்துவிடுவார். நான் 87-லேயே நிற்கிறேன். பிரெஞ்சு எஞ்சின் நம் பாதையில் ஓடுவதை அளவு பார்க்கிறவர்கள் ஏற்க மாட்டார்கள். பெரியப்பா ஆசையாய்க் கொண்டுவந்த எஞ்சின் ஓடுவதுதான் எனக்கு முக்கியம்.

பொருளுக்கு அலைய வேண்டியதில்லை. மேடு, ஏரிக்கரை செய்யக் காகிதக்கூழ் உலகமெங்கும் வழக்கம். நம் திருக்கனூர் காகிதக்கூழ்க் கைவினையும், வில்லியனூர் சுடுமண் வேலையும் புவிசார் குறியீடு பெற்றவை. ஓர் அங்குலத்துக்கும் குறைந்த ஐயனார் குதிரையை நம் ஊர்க் கைகளைவிட நன்றாக யார் செய்துவிட முடியும்?

ஒருவர் ஆசை எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க புனேவுக்குப் போகலாம். பி.எஸ்.ஜோஷி சொந்த ஆர்வத்தில் உருவாக்கிய மாதிரி ரயில் நகரம் அங்கே 1998 முதல் பொதுமக்கள் பார்வைக்கு இருக்கிறது. நிஜ எஞ்சின்களைப் பக்கத்தில் நின்று பார்த்து அளவெடுக்க சென்னை ஐசிஎஃப் அருகிலும் திருச்சியிலும் ரயில் அருங்காட்சியகங்கள் உண்டு.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு ரயில் பெட்டி இருக்கலாம். இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். அதோடு வந்த பழைய டிரான்ஸ்ஃபார்மரை மட்டும் பிளக்கில் சொருக வேண்டாம். ஒயரின் மேலுறை வெடித்திருந்தால் வீட்டு மின்சாரம் கையில் பாயும். 12 வோல்ட் கன்ட்ரோலர் ஒன்று புதிதாக வாங்குங்கள். பிறகு துணியும் ஆல்கஹாலும் எடுத்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு பிள்ளையையும் உட்காரவைத்துக்கொண்டு, முதல் தண்டவாளத்தைத் தேய்க்கத் தொடங்குங்கள்.